கோபமா, கொஞ்சலா

குறிஞ்சிப்பாடி
12.8.2024

அன்புள்ள மாப்பிள்ளை ரெஜினுக்கு,

ஸ்தோத்திரம். காது கேட்காமல் போன நான்சிக்குக் கருவி பொருத்திய அன்று, “இனிமே என் குரல் பழையபடி கேக்குங்களா அத்தை?” என்று கேட்டீர்கள். டாக்டர் சொன்ன பதிலை நின்று கேட்காமல் ஷிப்டுக்குப் போய்விட்டீர்கள். போனில் சொன்னால் கத்துகிறீர்கள். அதனால் அவர் சொன்னதை எழுதுகிறேன்.

ஓர் ஆர்மோனியத்தில் நாலைந்து கட்டைகள்தான் ஒலிக்கின்றன என்று வையுங்கள். தாளம் தெரியும்; ராகம் தெரியாது. அவளுக்கும் அப்படித்தான். சொல் புரிகிறது. அது கோபமா, கொஞ்சலா என்று குரலை வைத்துப் பிடிபடுவதில்லை. முகத்தைப் பார்க்க வேண்டும்.

நீங்களோ கிளினிக்கில் காதைச் சோதிக்கும்போது செய்வதுபோல் வாயைக் காகிதத்தால் மறைத்து, “கோவமா சொல்றனா, ஆசையா சொல்றனா?” என்று பரீட்சை வைத்து, தப்பாகச் சொன்னபோதெல்லாம் பெல்ட்டால் அடித்திருக்கிறீர்கள். முதுகைப் பார்த்தேன். இனி அடிக்க மாட்டேன் என்று எழுதுங்கள். அதுவரை அவள் இங்கேதான் இருப்பாள்.

அன்புடன்,
அத்தை ஜெயசெல்வி


நெய்வேலி
19.8.2024

அத்தைக்கு,

டீச்சர் பாடத்தையெல்லாம் பள்ளிக்கூடத்தோட வெச்சிக்கோங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சி வூட்டுக்கு வந்து ஆசையா “நான்சி”ன்னு கூப்பிட்டா, தலைய மறைச்சிக்கினு குனியறா. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரன் பாக்கறான். நான் என்ன மிருகமா? அதுக்குத்தான் அடிச்சேன். வார்த்த புரியுதுல்ல, அப்புறம் என்ன நடிப்பு?

ஞாயித்துக்கிழமை வருவேன். பையோட வாசல்ல நிக்கணும். இல்லன்னா முடியப் புடிச்சி இழுத்துக்கினு வருவேன்.

ரெஜின்


குறிஞ்சிப்பாடி
26.8.2024

ரெஜினுக்கு,

இடது கையால் எழுதுகிறேன்; எழுத்து கோணலாக இருக்கும். குறுக்கே நீட்டிய என் வலது கையோடு சேர்த்துக் கதவை அறைந்தீர்களே, மணிக்கட்டு உடைந்துவிட்டது.

சொன்னபடியே அவளை முடியைப் பிடித்து வாசல்வரை இழுத்தீர்கள். காதுக்குப் பின்னால் இருந்த கருவியைப் பிடுங்கி மிதித்து நொறுக்கினீர்கள். அவள் காதோரம் ரத்தத்தைப் பார்த்த பிறகு, “மன்னிச்சிக்கம்மா” என்று அழுதீர்கள். நான் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை மகளிர் காவல் நிலையத்தில் அவளே புகார் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும், “இனிமே அங்க போவ மாட்டேம்மா” என்றாள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. நான் மெதுவாகப் பேசு என்று சொல்லவில்லை.

அவளை இனி நீங்கள் கூப்பிடப் போவதில்லை. வேறு யாரையாவது கூப்பிடும்போது, முகம் தெரிய எதிரே போய் நின்று, கைகளைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு கூப்பிட்டுப் பாருங்கள்.

ஜெயசெல்வி