போகாத நானுஓயா

ஜனவரி 4, ஞாயிறு

கடும் குளிர். வாளித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. யேசு பாலனுக்குக் கட்டிய நத்தார்க் குடிலைப் பிரிக்கணும். ஸ்டெல்லா பெட்டிக்குக் கயிறு. அச்சு முறுக்கு, ஒரு டின்.

நாளைக் காலை மகள் ஸ்டெல்லா போகிறாள். ஜோர்தான். தையல் வேலை, மூன்று வருடம்.

"நானுஓயா ஸ்டேஷன் வரைக்கும் வாங்கம்மா."

"லீவு முடிஞ்சு மொத நாள் பெரட்டு. நிக்கலேன்னா பேர் போட மாட்டாங்க, நாள் சம்பளம் போயிரும்."

"ஒரு நாள் பேருதானேம்மா."

அடுப்பை ஊதினேன்.

ஜனவரி 5, திங்கள்

ஆறரைக்கு வேன். கட்டிப்பிடித்தாள். நான் மரம் மாதிரி நின்றேன். பிறகு கூடையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு.

தேயிலை மலை முழுக்க உறைபனி. கொழுந்தில் கை வைக்கக்கூடாது, வெயில் ஏறட்டும் என்றார்கள். காத்து நின்றோம். ஒன்பது மணி போல ரயில் கூவியது. எல்லாருக்கும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கணக்கப்பிள்ளை வந்தார். "எல்லாம் கருகிப்போச்சு. இன்னைக்கு வேலையும் இல்ல, பேரும் இல்ல. வீட்டுக்குப் போங்க."

பக்கத்து நிரை ராணி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, புள்ளகூடப் போயிருக்கலாமேடி!"

பாவிதான். வேறென்ன.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்தேன். புல்லில் பனி சொட்டுச் சொட்டாக உருகியது. காட்டுச் சூரியகாந்தி அத்தனை மஞ்சள். முதுகில் வெயில். ஒரு வாலாட்டிக் குருவி பக்கத்திலேயே மேய்ந்தது, என்னைக் கண்டு பயப்படவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. அப்புறம்தான் அழுகை.

பேருக்காகவா போகாமல் இருந்தேன்? இல்லை. என்னைக் கேட்காமல் பாஸ்போர்ட் எடுத்தாளே என்று கோபம். ஸ்டேஷனில் அழுதுவிடுவேன் என்று பயம். வேலையைச் சாக்காகச் சொன்னேன்.

ஜனவரி 6, செவ்வாய்

பனி குறைவு. செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலைக்கு, புல் வெட்டப் போட்டார்கள். மண்ணெண்ணெய் முடிந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது போன். பின்னால் ஏர்போர்ட் இரைச்சல்.

"அம்மா, ஏறப் போறோம். சாப்பிட்டீங்களா?"

"ம்."

"கோபமா?"

"இல்லடி தங்கம்."

வந்திருக்கணும், மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"நேத்து பேர் கெடச்சிச்சாம்மா?"

"கெடச்சிச்சு," என்றேன். "முழுப் பேரு."

"அப்பாடா. அது போதும்மா."