ஆன்மேரி ராத்திரி முழிக்கிற விஷயம்

அன்பு மகன் ஜிபினுக்கு அம்மா எழுதிக்கொண்டது. சவேரியார் புண்ணியத்துல நாங்க நாலு பேரும் நல்லா இருக்கோம், நீயும் மஸ்கட்டுல வேளைக்குச் சாப்பிட்டு சுகமா இருப்பேன்னு நம்புறேன். பீர்மேட்டுல மழை இன்னும் விடல, துணி காயல, அப்பாவுக்கு முட்டுவலி கூடிப்போய் ஜீப்புல போய் மருந்து வாங்கிட்டு வந்தாரு. போன்ல சொன்னா நீ பாதியிலயே குறுக்க விழுந்து பேசுவ, அதான் எழுதி, லீவு முடிஞ்சு திரும்புற சூசையப்பன் கையில குடுத்துவிடுறேன். முழுசா படி.

எய்யா, பிள்ளை ஆன்மேரி ராத்திரி தூங்க மாட்டேங்குறா, அதனால உன் பெண்டாட்டி பிலோமி வேலைய விட்டுரட்டும்னு நீ ஒத்தக்கால்ல நிக்குற. அங்க இருந்துக்கிட்டு சொல்றது லேசு. அப்பா ரிட்டையர் ஆயாச்சு, எனக்கும் அடுத்த வருஷம். வீட்டுல ஒரு ஆள் பெர்மனன்டா தேயிலைக் கொழுந்து எடுத்தாத்தான் எஸ்டேட்டுக்காரன் குடுத்த இந்த லயத்து வீடு நமக்கு. நான் வேலையில இருந்து நிக்கிறப்ப பதிவுல அவ பேரும் இல்லேன்னா சாமானத் தூக்கிட்டு எங்க போக? அப்பா நடக்கிற நடைக்கு வாடகை வீடு தேடி அலைய முடியுமா?

பிலோமியும் பாவம், ராத்திரி நாலஞ்சு தடவை எழும்பி பால் குடுத்துட்டு, காலையில பேர் கூப்பிடுற இடத்துல நிக்கையிலயே கண்ணு சொருகும். உன் ரூம்ல யாரோ சொன்னாங்கன்னு படுக்கப்போறப்ப ராகிக் கூழ், அந்தக் குறுக்கைக் கெட்டியா காய்ச்சிக் குடுக்கச் சொன்னியே, குடுத்தோம். வயிறு உப்பி முக்கி முக்கி அழுது, எங்க எல்லார் உறக்கமும் போச்சு. வயிறு முட்டக் குடுத்தா விடியிறவரை தூங்கும்னு நானும்தான் நம்பினேன். அப்புறம் பிள்ளைக்கு ஊசி போடப் போனப்ப ஹெல்த் சென்டர் சிஸ்டர்கிட்ட கேட்டோம். பகல்ல எப்படிக் குடிக்கிறான்னு அவங்க திருப்பிக் கேட்டப்பதான் உறைச்சுது. மழைக்கு முன்னாடி பிலோமிய மேல் மலைக்கு மாத்திட்டாங்க. அங்கயிருந்து, பிள்ளைய விட்டுட்டுப் போற கிரச்சுக்கு இறங்கி வந்து பால் குடுத்துட்டு திரும்ப ஏற நேரம் பத்தாது. பீச்சி வச்ச பாலை ஆயா பாலாடையில குடுத்தா இவ துப்பிருவா, நாலு வாய் குறுக்கோட சாயந்திரம் வரைக்கும் கிடப்பா. பகல்ல விட்டதை ராத்திரி பிடிச்சுக்கிட்டா, அவ்வளவுதான். பகல்ல நல்லா குடுத்தா ராத்திரி குடிக்கிறது குறையும், ஆனா எட்டு மாசத்துப் பிள்ளை முழிக்கத்தான் செய்யும்னு சிஸ்டர் சொன்னாங்க. முழிச்சா அப்புறம் என்ன பிரயோஜனம்னு நான் முணுமுணுத்துக்கிட்டேதான் வீடு வந்தேன்.

மறுநாள் சூப்பர்வைசரைப் பிடிச்சு, அவளைக் கிரச்சுக்குப் பக்கத்து மலையில போடுங்க, அவ இடத்துக்கு நான் ஏறுறேன்னுட்டேன். மூச்சு வாங்குதுதான், அதை நீ பெருசாக்காத. இப்ப பிலோமி காலையிலயும் மத்தியானமும் வந்து பால் குடுக்கிறா, குறுக்கும் பகலோட சரி. சிஸ்டர் சொன்னபடியேதான் ஆச்சு. ராத்திரி பால் கேக்குறது ஒரு தடவையோட நின்னுது, முழிக்கிறது குறையல. கழுதை, கண்ணைத் திறந்து கையால துழாவுறா, பக்கத்துல ஆள் இருக்கான்னு பாக்குறா. பால் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறா, முதுகைத் தட்டுனா உறங்கிடுறா. தட்டுறதுக்கு பிலோமி எதுக்கு? பிள்ளைய எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல போட்டுக்கிட்டோம். தாலாட்டுன்னு அப்பா கோயில் பாட்டை எடுத்துவிடுறாரு, அதைக் கேக்கச் சகிக்காமலே அவ கண்ணை மூடிக்கிறா. பிலோமி அடுக்களைப் பக்கம் பாய் போட்டுத் தூங்குறா, அந்த ஒரு தடவைப் பாலுக்கு மட்டும் எழுப்புறேன். முகம் தெளிஞ்சிருக்கு.

அதனால அவ வேலைய விடல. திங்கக்கிழமை ஆபீசுல பெர்மனன்டுக்கு அவ பேரைக் குடுத்தாச்சு, நான் கூட நின்னேன். உன்கிட்ட கேக்கலன்னு கோவம் வந்தா என்மேல வச்சுக்கோ, அவளை ஒரு வார்த்தை சொல்லாத, சொன்னா எனக்குப் பொல்லாத கோவம் வரும்.

மாதா உன்னை ஒரு குறையும் இல்லாம காக்கட்டும், ஞாயித்துக்கிழமை பூசைய விட்டுராத. கிறிஸ்துமசுக்கு நீ லீவுல வரும்போதும் ஆன்மேரி முழிக்கத்தான் செய்வா. உன் கை அவளுக்குப் பழக்கம் இல்ல, முதல்ல அழுவா, பயந்து பிலோமிய எழுப்பாத, தட்டிக்கிட்டே இரு. அந்த லீவு முழுக்க ராத்திரி முறை உனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்.

உன் அம்மா
இருதயம்மாள்