சைக்கிள் ரோடு முடிகிற இடம்

நேற்று அலமாரியின் அடித்தட்டைச் சுத்தம் பண்ணும்போது அந்தப் பச்சைச் சுடிதார் பேண்ட் கையில் வந்தது, அக்கா. வலது கால் ஓரத்தில் சைக்கிள் செயின் கிரீஸ் இன்னும் கறுப்பாக இருக்கிறது. நாலு வருஷமாகியும் வாடை போகவில்லை. இங்கே இர்விங்கில் வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே ஏசி சத்தம். பேண்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு எழுத வராது என்று உங்களுக்குத் தெரியும். எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் இதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். போன மாதம் நான் அங்கே போய்விட்டு வந்தேன். அந்த ரோடு முடிகிற இடத்துக்கு.

ஐயோவாவில் ப்ராஜெக்ட் என்று நம் வீட்டுக்காரர்கள் வந்து சொன்ன அன்று, "ஊரு பேரே ஐயோன்னு தொடங்குதே, வெளங்குமா புள்ள?" என்று முதலில் சிரித்தவர் நீங்கள்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ், நமக்கு எதிரெதிர் வீடு, எல்லோருக்கும் சேர்த்து ஒரே கார். அதை ஏழரைக்கே அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம் விசாவில் வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. எட்டரைக்கு ஸ்கூல் பஸ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனால், மூன்று பத்துக்குத் திரும்பி வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தார் ரோடு இருந்தது. அதில் கார் வராது. ஒரு காலத்தில் ரயில் போன தடமாம். தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காகத் தார் போட்டிருந்தார்கள். "ரயிலை எடுத்துட்டுச் சைக்கிளுக்கு ரோடு போட்ட ஆளுங்களை நான் இப்பத்தான் பாக்குறேன். இது எங்கதான் போகுது?" என்று கேட்டீர்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

சர்ச்சுக்குப் பக்கத்துப் பழைய சாமான் கடையில் இரண்டு சைக்கிள் வாங்கினோம். நான் கரூரில் பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் போனவள். நீங்கள் கீழக்கரையில் அதைத் தொட்டதுகூட இல்லை. முப்பத்தொன்பது வயதில் முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பார்க்கிங்கில் "விட்டுறாத புள்ள, விட்டுறாத" என்று கத்திக்கொண்டே ஓட்டினீர்கள். நான் கையை விட்டு ரொம்ப நேரம் ஆகியிருக்கும்.

ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு வரைபடப் பலகை இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு மைல். கடைசிப் பக்கம் வெயில் பட்டு வெளுத்துப்போய், ரோடு எதில் போய் முடிகிறது என்றே தெரியவில்லை. நீங்கள் விரலால் தேய்த்துப் பார்த்தீர்கள்.

"ஆறு இருக்கும்," என்றீர்கள்.

"சந்தை இருக்கும்," என்றேன்.

"பேசிக்கிட்டிருந்தா? ப்ராஜெக்ட் முடியறதுக்குள்ள போய்ப் பாத்துருவோம்."

ஆனால் எங்கே இருந்தாலும் பதினொன்றரைக்குச் சைக்கிளைத் திருப்பிவிட வேண்டும். என் மகள் அப்போது கிண்டர்கார்டன். பஸ் வரும்போது பெரியவர்கள் யாரும் நிற்காவிட்டால் டிரைவர் அவளை இறக்கிவிட மாட்டார். வாட்ச் என் கையில் இருந்தது. உங்களுக்கு அது தேவைப்படவே இல்லை. சைக்கிள் நிழலைப் பார்த்தே நண்பகல் லுஹர் தொழுகைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுவீர்கள். நான் வாட்சோடு ஒத்துப் பார்ப்பேன். ஐந்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

ஐந்தாறு மைலுக்கு ஒரு ஊர் வரும். பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் ஊரே தாண்டிவிடும் என்பதால் நாமே பெயர் வைத்தோம். தண்ணீர்த் தொட்டியில் சிரித்த முகம் வரைந்திருந்தது சிரிச்ச ஊர். எட்டுக் கடையில் ஏழு பூட்டிக் கிடந்தது பூட்டூர். அங்கே வீட்டை விட உயரமான இரும்புக் குதிர்கள் வரிசையாக நின்றன. நீங்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தொப்பி போட்ட ஒரு பெரியவரிடம் நேராகப் போய், "வாட் திஸ்?" என்றீர்கள். எனக்கு வெட்கம். ஹாண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒரு கை மக்காச்சோளம் அள்ளிக் கொடுத்தார். வாயில் போட்டு மென்றபடி "வெரி குட், வெரி குட்" என்றீர்கள். அவர் ஏதோ சொன்னார். நமக்குப் புரியவில்லை என்றதும் மூக்கைத் தூக்கி உறுமிக் காட்டினார்.

"ஐயோ, துப்புங்க்கா! பன்னிக்குப் போடுறதாம்!"

"போ புள்ள, பன்னி இன்னும் வாய் வைக்கலல்ல?" என்று நீங்கள் மென்றுகொண்டே இருந்தீர்கள். வெளியே வந்த பிறகுதான், "இதை மட்டும் எங்க ஊர்ல போய்ச் சொன்ன, உன்ன உண்டு இல்லைன்னு ஆக்கிருவேன்" என்று மிரட்டினீர்கள்.

இப்படி நின்று நின்று போனால் எப்படி முடிவு வரும்? இரண்டு மாதத்தில் பதினாலாவது மைல் கல்லைத் தாண்டவில்லை.

அப்புறம் மே மாதத்தில் அந்த நாள். வெயில் பளிச்சென்று இருந்தது. மிதிக்காமலே சைக்கிள் ஓடியது.

"என்ன புள்ள, சும்மா பறக்குது?"

"கால் தேறிருச்சுங்க்கா."

"தேறாம? ரெண்டு மாசமா மிதிக்கிறோமே, சும்மாவா?"

பதினாறாவது கல்லில் நின்றோம். அந்தக் கல்லை நாம் அதுவரை பார்த்ததே இல்லை. தூரத்தில் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. "மணி என்ன புள்ள?" என்று கேட்டீர்கள். வாட்ச் சரியாகப் பதினொன்றரை காட்டியது.

"பதினொன்னு ஆகலைங்க்கா," என்றேன்.

பொய் சொன்னேன், அக்கா. இன்னும் ஆறு மைல்தானே என்று இருந்தது. நீங்கள் குனிந்து தரையைப் பார்த்தீர்கள். "அப்ப மிதி," என்றீர்கள்.

பதினெட்டாவது கல்லில் மணி பன்னிரண்டைத் தாண்டியது. மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. "இப்பத்தான் பதினொன்னரை, திரும்பலாம்" என்றேன். திரும்பினோம். காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. காலை முழுக்க நம்மை ஓட்டிக்கொண்டு வந்தது நம் கால் இல்லை, அந்தக் காற்று என்று அப்போதுதான் உறைத்தது. மரம் மட்டை இல்லாத சமவெளி. ஒதுங்க ஒரு சுவர்கூடக் கிடையாது. இறங்கித் தள்ளினோம், ஏறி மிதித்தோம், மறுபடி இறங்கித் தள்ளினோம். வீட்டுக்கு வரும்போது நாலரை.

பஸ் டிரைவர் என் மகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டார். அங்கிருந்து ஆபீசுக்குப் போன். என் வீட்டுக்காரர் மீட்டிங்கை விட்டுவிட்டுப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிங்கில் நின்றிருந்தார். அவள் கண் வீங்கியிருந்தது.

"புள்ளையை அழ விட்டுட்டு எங்கடி ஊர் சுத்துன?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முன்னால் வந்துவிட்டீர்கள். "தம்பி, அவ மேல தப்பில்ல. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன்."

உங்களை அவர் என்ன சொல்ல முடியும்? மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அந்த வாரமே இரண்டு சைக்கிளும் பழைய சாமான் கடைக்கே திரும்பிப் போயின. அடுத்த மாதம் ப்ராஜெக்ட் முடிந்தது. நீங்கள் கீழக்கரைக்கு, நான் இர்விங்குக்கு. மணி பற்றி நான் மூச்சு விடவில்லை.

போன வருஷம் நீங்கள் போன் பண்ணினீர்கள். குரல் இளைத்திருந்தது. வயிற்றுக் கட்டி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, "ஏம்புள்ள, அது எதுல போய் முடிஞ்சிருக்கும்?" என்றீர்கள்.

"எதுங்க்கா?"

"அந்த ரோடுதான். யாராச்சும் பாத்துட்டு வந்து சொல்லுங்களேன்."

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. உடம்பு சரியில்லாதவரிடம் இப்போது எதற்கு என்று விழுங்கிவிட்டேன். இருபது நாள் கழித்து உங்கள் பெரிய பையன் கூப்பிட்டு, "ஆன்ட்டி, உம்மா மௌத்தாயிட்டாங்க" என்று அழுதான்.

போன மாதம் இவரை அதே ஆபீசுக்கு இரண்டு வாரம் அனுப்பினார்கள். நானும் வருவேன் என்று நின்றேன். "அங்க என்னடி இருக்கு?" என்றார். "அதைத்தான் பாக்கணும்," என்றேன். ஒரு சனிக்கிழமை மகளை அவரிடம் விட்டுவிட்டு, வாடகைச் சைக்கிளில் ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். பூட்டூரில் எட்டாவது கடையையும் பூட்டிவிட்டார்கள், அக்கா.

பதினாறாவது கல்லுக்கு வரும்போது அதே பதினொன்றரை, அதே மாதிரி வெயில். காலை ஊன்றி நின்று, சும்மா குனிந்து பார்த்தேன். தாரின் மேல் சைக்கிள் நிழல் கோடு போட்ட மாதிரி விழுந்திருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒருநாளும் பிசகாத நீங்கள், அன்றைக்கு அரை மணி நேரமா பிசகியிருப்பீர்கள்?

தெரிந்துதானே மிதித்தீர்கள்?

நீங்கள் என் பொய்யைச் சுமந்தீர்கள் என்று நாலு வருஷமாகக் குமைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு இவரிடம் நீங்கள் சொன்னதில் பாதி நிஜம். உங்களுக்கும் ஆசைதான். அந்தக் கல்லில் உட்கார்ந்து அழுதேன், பிறகு சிரித்தேன். ஹெல்மெட் போட்ட ஒருவன் நின்று "ஓகே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கேளுங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. ஆறுதான். ரொம்பப் பெரியது இல்லை, மாட்டை ஓட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். பழைய ரயில் பாலத்தின் கல்தூண்கள் மட்டும் தண்ணீருக்குள் நிற்கின்றன, மேலே ஒன்றும் இல்லை. குறுக்கே கம்பி போட்டிருக்கிறார்கள். ஆனால் அக்கா, கம்பிக்கு மேல் எட்டிப் பார்த்தால் அக்கரையிலும் கறுப்பாக ஒரு தார் ரோடு தெரிகிறது.

நாயோடு ஒரு அம்மாள் வந்தார். முன்னேயானால் ஹாண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். கை நீட்டி, "வாட் தட்?" என்றேன். உங்கள் இங்கிலீஷ்தான். அவர் சொன்னதில் பாதி புரிந்தது. அந்தப் பக்கமும் ரோடு போட்டுவிட்டார்களாம், இன்னும் முப்பது மைல் போகிறதாம், பாலம்தான் பாக்கியாம். "ஹவ் கோ?" என்றேன். கார் போகிற பாலம் வழியாக இரண்டு மைல் சுற்ற வேண்டும் என்று கையைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து இவர் போன் பண்ணினார். "பாத்தாச்சா? கார் எடுத்துட்டு வரவா?"

"இன்னும் இல்லைங்க," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் காட்டின பக்கம் மிதித்தேன்.