ஆறடி உள்ளே விழுந்த தென்னை

என் செல்லத் தம்பி குணத்துக்கு,

நீ போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. நாங்கள் இன்னும் அன்புவழிபுரத்தில்தான் இருக்கிறோம். பள்ளிக்கூடக் கொட்டகையை விட்டுப் பின்தெருவில் ஓர் அறைக்கு வந்துவிட்டோம். எங்கள் ஊர் இறக்கக்கண்டிக்குத் திரும்பிப் போகலாமா என்பதற்கு ஆளுக்கொரு கதை. உன் அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

இதைச் சொல்ல மட்டும் நான் எழுதவில்லை. அந்தத் தென்னையைப் பற்றி ஊருக்கு மறைத்த ஒன்றை, எல்லோரும் வாசிக்கும்படி உனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

இடம்பெயர்ந்து வந்த முப்பது குடும்பங்கள் அந்தக் கொட்டகையில் இருந்தோம். இடம் பிரித்துக் கொடுத்தவள் நான். ஒரு நாள் ஷெல் பட்டு முற்றத்துத் தென்னையின் அடிமரம் பாதி பிளந்து, மரம் எங்கள் பக்கம் சற்றுச் சாய்ந்தது. கூட்டிவந்த மரமேறி தடவிப் பார்த்துவிட்டு, "இதில ஏற ஏலாது பிள்ளை. கோடாலி வைச்சாலே எந்தப் பக்கம் விழுமெண்டு தெரியாது" என்று போய்விட்டார். மாரிக்காற்று தொடங்கப் போகிற நேரம்.

"விழுந்தாலும் இஞ்ச மட்டும் வராது. எவ்வளவு தூரத்தில நிக்குது!" என்றேன் நான்.

நீ நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிறவன். கண்மதிப்பில் ஒன்றும் சொல்ல மாட்டாய். பாகைமானி ஒன்றை இரவல் வாங்கி, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, மரத்திலிருந்து நாற்பது அடி தள்ளி நின்று குருத்தைப் பார்த்தாய். கோணம் ஐம்பத்தைந்து பாகை. பிறகு மணலில் ஒரு செங்கோண முக்கோணம் கீறினாய். படுத்த பக்கம் நாற்பது அடி. நிமிர்ந்த பக்கம் மரம். அந்தக் கோணத்தின் தான்சன், அதாவது நிமிர்ந்த பக்கத்தைப் படுத்த பக்கத்தால் வகுத்தால் வருவது, ஒன்று தசம் நாலு மூன்று. நாற்பதால் பெருக்க ஐம்பத்தேழு. உன் கண்ணுயரம் ஐந்தையும் கூட்ட அறுபத்திரண்டு.

"அக்கா, மரத்துக்கும் கொட்டகைக்கும் ஐம்பத்தாறு அடிதான். விழுந்தால் ஆறடி உள்ளுக்கு வரும். சாய்ஞ்ச மரம், கூடுமே தவிரக் குறையாது."

அந்த ஆறடியில் சுகந்தி இருந்தாள், பிறந்து இருபது நாளான பெண்பிள்ளையோடு. அவர்களை நகர்த்தினால் எல்லோரையும் நெருக்க வேண்டும். நான் கத்தினேன்.

"மூண்டு கோட்டைக் கீறிப்போட்டு முப்பது குடும்பத்தை எழுப்பச் சொல்லுறியோ? உன்ர கணக்கைக் கந்தோரிலேயே வைச்சுக்கொள்ளு!"

சிலர் சிரித்தார்கள். உன் காது சிவந்தது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

நீ கோபிக்கவில்லை. "சரி அக்கா. கொடிக்கம்பத்தையும் இப்பிடியே அளக்கிறன். பிறகு நீங்கள் கயிறு பிடிச்சுப் பாருங்கோ. பிழையெண்டால் நான் வாய் திறக்க மாட்டன்."

உன் கணக்கில் இருபத்தொரு அடி. கொடிக்கயிற்றை உச்சிவரை இழுத்து நானே அளந்தேன். கால் அடிதான் வித்தியாசம்.

அன்று பின்னேரமே, உன் கணக்கென்று சொல்லாமல், எல்லோரையும் எழுப்பினேன். திட்டிக்கொண்டே நெருங்கிப் படுத்தார்கள். சுகந்தி பிள்ளையின் ஏணையை அவிழ்த்து மறுகோடியில் கட்டினாள். நான்காம் நாள், மத்தியானச் சோறு பங்கிடும்போது காற்று அடித்தது. மரம் முறிந்த சத்தத்தை ஷெல் என்று நினைத்துக் குப்புற விழுந்தோம். எழும்பிப் பார்த்தால், தென்னையின் தலை கூரையைப் பிய்த்துக்கொண்டு சுகந்தி முன்பு படுத்திருந்த இடத்தில் கிடந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

சுகந்தி ஓடிவந்து என் காலைப் பிடித்தாள். "அக்கா, நீங்கள் எழுப்பாட்டி என்ர பிள்ளை இல்லை."

"பவளக்காவுக்கு அம்மாள்தான் முன்கூட்டியே காட்டியிருக்கிறா" என்றார்கள் மற்றவர்கள்.

நான் மறுக்காமல் சுகந்தியைத் தூக்கி நிறுத்தினேன். நீ ஓலைகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாய். உனக்குக் கேட்டிருக்கும். ஏன் தம்பி ஒன்றும் சொல்லவில்லை? அக்காவின் மதிப்பைக் காப்பாற்றவா? பிள்ளை பிழைத்ததே போதும் என்றா?

பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். தை மாதம் உனக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் ஊரடங்கு, உன்னை வெளியே கொண்டுபோக முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உனக்கு என்னைத் தெரியவில்லை. அங்கிருந்து நீ உயிரோடு திரும்பவில்லை. இனி யாரிடம் சொல்வது?

சுகந்தியின் துளசி இப்போது தத்தித் தத்தி நடக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் சுகந்தி அவளைக் கூட்டிவந்து, "உனக்கு உயிர் தந்த பெரியம்மா, கும்பிடு" என்கிறாள். அந்தத் தலையைத் தடவும்போது என் கை கூசுகிறது.

நாளைக் காலை நானே சுகந்தி வீட்டுக்குப் போவேன். அயலாரையும் கூப்பிட்டு வைத்து, இந்தக் கடிதத்தைக் கொடுத்து, அளந்தவன் நீ, மற்றவர்களை உன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தவள் நான் என்று சொல்வேன். சுகந்தி என்னை வெறுத்தாலும் வெறுக்கட்டும். துளசிக்குப் பேச்சு வரத் தொடங்கியிருக்கிறது. உன் படத்தைக் காட்டி, மாமா என்று சொல்லப் பழக்குவேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த
பவளம் அக்கா