றஊப் நானா கடைமுன் நிற்கும் வேன்

வியாழக்கிழமை

அன்பு மகன் தினேஷுக்கு,

ஏழு வருடங்களுக்கு முன்பு விற்ற வேன் ஒருவருக்கு இன்னும் எப்படிச் சொந்தமாக இருக்க முடியும்? போன வாரம் செவ்வாய்க்கிழமை பாடசாலை வாசலில் மூக்கையா என்ற வயதான மனிதர் என்னிடம் இதைத்தான் கேட்டார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு மழை நாட்களில் மட்டும் முழங்கால் வலிக்கிறது. இந்த மாவட்டத்தில் மழையில்லாத நாள் எது என்று நீயே யோசித்துக்கொள். தங்கச்சி விஜயகலா ஏ.எல். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்கிறாள், கையில் போன்தான் இருக்கிறது. போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் இதை எழுதி, லீவில் வந்து சனிக்கிழமை தோஹாவுக்குத் திரும்பும் உன் கூட்டாளி ஆஸிக்கிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எந்த வேன் என்று உனக்கே தெரியும். தட்டுப்பாட்டுக் காலத்தில் டீசல் வரிசையில் நீ நிறுத்திய வேன்தான். தட்டுப்பாடு போனது, வரிசை போனது, நீயும் போனாய். வேன் மட்டும் றஊப் நானாவின் ஹாட்வெயார் கடைக்கு முன்னால் டயர் மண்ணில் புதைய நிற்கிறது. முதலில் பேட்டரியைக் கழற்றினார்கள், பிறகு சீட்டுகளை. இப்போது உள்ளே சோற்றுப் பார்சல் தாளும் குடித்துப் போட்ட குரும்பைக் கோம்பையும் கிடக்கின்றன. போன சரஸ்வதி பூஜைக்கு ஆட்டோக்காரர்கள் தங்கள் வண்டிகளுக்குப் பொட்டு வைத்த கையோடு இதற்கும் வைத்துவிட்டார்கள், கறல் பிடித்த தகரத்துக்கு மேல் சந்தனம் நன்றாகத்தான் இருந்தது. றஊப் நானாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனால், "நான் என்ன செய்ய டீச்சர், அது நிக்கிறதால வேற எவனும் கடைய மறைச்சு வண்டி போடுறல்ல, அதும் ஒரு லாபந்தான்" என்கிறார். டவுனில் இப்படிப் பதினொரு வாகனங்கள் நிற்கின்றன. பொலிசில் கேட்டேன், அது பிரதேச சபையின் வேலை என்றார்கள். சபையில் கேட்டேன், பெரிய ரோட்டில் நிற்பதால் வீதித் திணைக்களம் என்றார்கள். திணைக்களத்தில் கேட்டேன், சொந்தக்காரரைப் பிடிப்பது பொலிசின் வேலை என்றார்கள். மூன்று இடத்திலும் மரியாதையாக உட்கார வைத்து டீ தந்தார்கள். போன மாதம் நகரைச் சுத்தமாக்கப் போவதாகச் சொல்லி சபைச் சேர்மன் வந்தார், கிரேன் வந்தது, இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். பிறகு சேர்மனும் போனார், கிரேனும் போனது.

மூக்கையா அண்ணன் குருவிட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்தவர். வேலை முடிந்தபோது சேர்ந்து வந்த சர்வீஸ் காசில் மகன் வாடகைக்கு ஹயர் ஓடட்டும் என்று இந்த வேனை வாங்கி, கட்டுப்படியாகாமல் ஒரு புரோக்கருக்கு விற்றிருக்கிறார். அவனிடமிருந்து நீ வாங்கினாய். பெயர் மாற்றும் பாரத்தில் விற்பவரின் கையெழுத்து மட்டும் இருக்கும், வாங்குபவரின் இடம் வெறுமையாக இருக்கும், பதிவில் பழைய பெயரோடு அப்படியே கைமாறி ஓடிக்கொண்டிருக்கும். ஓபன் பேப்பர் என்று சொல்லி, அதை ஒரு கெட்டிக்காரத்தனம் போல நீ எனக்கு விளக்கியது ஞாபகம் இருக்கிறது. இப்போது அந்த மனிதர் அரசின் அஸ்வெசும உதவிக்கு விண்ணப்பித்தால், வேன் வைத்திருப்பவருக்கு உதவி எதற்கு என்று பெயரை வெட்டிவிட்டார்கள். "டீச்சரம்மா, பஸ்ஸுக்குக் காசில்லாம லயத்துலருந்து நடந்து வர்றேங்க. கம்பியூட்டர்ல பாத்தா நான் வேன் மொதலாளிங்க" என்றார். வேன் நம்பரைச் சொல்லி ஒவ்வொரு டவுனாக விசாரித்து வந்தவருக்கு, "அது டீச்சர்ட மகன்ட வேன்" என்று றஊப் நானாதான் வழி காட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை இதை உன்னிடம் சொன்னேன். "அம்மா நீங்க பேசாம இருங்க, நம்ம பேரு அதுல எங்கயுமே இல்ல, எல்லாரும் இப்புடித்தான் செய்றாங்க" என்றாய். எல்லோரும் செய்வதால்தான் பதினொன்று நிற்கின்றன. தன் பெயர் எங்கும் இல்லை என்று பெருமைப்படவா உனக்கு அந்தப் பெயரைத் தேடி வைத்தோம் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சுற்றாடல் தினத்துக்குப் பிள்ளைகளைக் கட்டுரை எழுதவைத்த நான், நாலு வருடமாக அந்த இடம் வந்தால் ரோட்டின் மறுபக்கம் மாறி நடந்தேன்.

உன் அலுமாரியில் வேனின் பதிவுப் புத்தகமும் பாரமும் கிடைத்தன. நாளை லீவு போட்டுவிட்டு மூக்கையா அண்ணனோடு இரத்தினபுரி வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போகிறேன். என்ன சொல்வார்களோ தெரியாது. நீ வெயிலில் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஊர் திரும்புகிறவன் எவனாவது அங்கே மலிவாகக் கார் தருகிறேன் என்றால் வாங்காதே. அப்பாவிடம் மறக்காமல் பேசு, என் மேல் உள்ள கோபத்தை அவரிடம் காட்டாதே. எனக்கு வாழ்த்து எழுத வராது என்பது உனக்குத் தெரியும்; நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் அம்மா,
சுதர்ஷினி

வெள்ளிக்கிழமை. போனோம். பழைய பாரம் செல்லாது என்றதால் மூக்கையா அண்ணன் புதிதாக ஒன்றில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். வாங்குபவர் இடத்தில் கையெழுத்திட நீ இங்கே இல்லை, அதனால் என் பெயரை எழுதினேன். தாமதத்துக்குத் தண்டமும் கட்டினேன். வேன் ஓடுகிறதா என்று கவுண்டரில் இருந்த பெண் சிங்களத்தில் கேட்டார். ஓடாது என்றேன். ஓடாத வேனை எதற்கு டீச்சர் வாங்குகிறீர்கள் என்றார். நான் வாய் திறப்பதற்குள் மூக்கையா அண்ணன், அவங்க மகன் நிப்பாட்டுனதுங்க என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பெயர் மாற்றிய ரசீதை அவர் சட்டைப்பையில் வைத்து, ஊசி குத்தி, குருவிட்ட பஸ் ஏறினார். நான் டவுனில் இறங்கி நேரே பிரதேச சபைக்குப் போய், வேன் என்னுடையது என்றேன். பதினான்கு நாளில் அகற்றாவிட்டால் வழக்கு என்று பத்து நிமிடத்தில் கடிதம் அடித்துத் தந்தார்கள். நாலு வருடமாக யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் இருந்தவர்கள், என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.