மூலையில் இருந்தவள் சொன்னது

என் செல்ல மகனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. நானும் உன் தங்கையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். இஸ்திரி மேசையில் நீராவி அடித்து என் வலது கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, பதறாதே, ஆறி வருகிறது, அதனால்தான் தங்கை கையெழுத்து. பார்சலில் கம்பளிச் சட்டை வைத்திருக்கிறேன், சுடுதண்ணீரில் போட்டுவிடாதே, பொம்மைக்குத்தான் ஆகும். அன்றைக்கு நீ வகுப்பில் பேசுவதை ஃபோனில் காட்டினாயே, சலவைக்கூடத்தில் மடித்த விரிப்புகள் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எல்லாரும் பார்த்தோம். மடிப்பு மேசை அக்கா, உன் பையன் மந்திரி கணக்கா பேசறான்டி, வாயில மோட்டார் வெச்சிருக்கான் என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படியே பேசு கண்ணா, எவனுக்கும் விட்டுக்கொடுக்காதே.

இதுவரைக்கும் அம்மா சொன்னது. கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள், மிச்சப் பக்கத்துல நீ ரெண்டு வரி எழுதி ஒட்டிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதுகிறேன் அண்ணா. இதை ஃபோனிலேயே சொல்வதற்கென்ன என்று கேட்பாய். ஃபோனில் நான் அண்ணா என்று ஆரம்பித்தால் நீ, ம் தெரியும் தெரியும், விஷயத்துக்கு வா என்பாய், நான் விஷயத்துக்கு வருவதற்குள் அம்மாட்ட குடு என்பாய். இந்தக் காகிதத்தை நீ கிழித்துப் போடலாம், ஆனால் குறுக்கே பேச முடியாது.

அன்றைக்கு அம்மா உன்னை மட்டும்தான் பார்த்தாள், நான் உன் குழு மொத்தத்தையும் பார்த்தேன். மூடிக்கிடக்கும் நூலகத்தை என்ன செய்யலாம் என்பதுதானே பேச்சு. ஏழு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தீர்கள், நீ மட்டும் நாற்காலியை வாத்தியார் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாய். ஒருத்தன் மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். இன்னொருத்தி அடுத்தவர்கள் ஆரம்பித்த வாக்கியத்தையெல்லாம் தானே முடித்து வைத்தாள். கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன்தான் உருப்படி, யார் பேசினாலும் அவர்கள் முகத்தைப் பார்த்தான், புரியாததைப் புரியவில்லை என்று கேட்டான். மூலையில் சாம்பல் நிறச் சட்டையில் ஒரு பெண் இருந்தாள். அவள் வாயைத் திறப்பதும் யாராவது பேசியதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசியில் ஒரு இடைவெளி கிடைத்து, முன்னாடி அங்க வந்துட்டிருந்தவங்களயே கேக்கலாமே, அவங்க இப்ப எங்க போறாங்கன்னு, என்று சொன்னாள். சன்னமாகத்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள். நீ அவள் பக்கம் திரும்பாமலே ஒரு நிமிஷம் என்று கையை உயர்த்தினாய். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, சார், எனக்கு என்ன தோணுதுன்னா, முன்னாடி வந்தவங்ககிட்டயே போய்க் கேக்கணும் சார் என்றாய். வாத்தியார் சபாஷ் என்றார். இங்கே மடிப்பு மேசை அக்கா கைதட்டினாள். அந்தப் பெண் தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் வழக்கம்போல விழுங்கியிருப்பேன். அன்று சாயங்காலம் அம்மாவிடம் ஃபோனில் நீ சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். எங்க குரூப்ல ஒரு மரப்பாச்சி இருக்கும்மா, வாயே தொறக்காது, குரூப் லீடர் நான்தான் மார்க் போடணும், முட்டை போடப்போறேன், ஏற்கெனவே ரெண்டு பாடம் அவுட்டு, இதுவும் போச்சுன்னா மூட்டை கட்டிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். சொல்லிவிட்டுச் சிரித்தாய். என்ன ஒரு சிரிப்பு அண்ணா அது. ஒருத்தியின் படிப்பு உனக்கு அவ்வளவு லேசு.

உனக்கு இது புதிதில்லை என்பதை நீ மறந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர் வராத அன்று என் வகுப்பையும் உன் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கலந்துரையாடல் நடத்தினார்களே, அன்றும் நீதான் தலைவர். விளையாட்டு மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கிக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். நீ அதையே எழுந்து நின்று சொல்லிக் கைதட்டு வாங்கினாய். நீ ஏம்மா ஒண்ணுமே பேசல என்று உங்கள் டீச்சர் என்னைக் கேட்டபோது, அது ஸ்விட்ச் ஆஃப் டீச்சர் என்று நீ முந்திக்கொண்டாய். இரண்டு வகுப்பும் சிரித்தது. அதற்கப்புறம் தண்ணீர்க்குழாயடியில், மாடிப்படியில், கழிப்பறை வாசலில் எனக்கு அதுதான் பெயர், ஏய் ஸ்விட்ச் ஆஃப், ஏய் கரண்ட் இல்லையா. வயிற்றுவலி, தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்து பார்த்தேன், பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை. அம்மா காரணம் கேட்டபோதும் நீதான் பதில் சொன்னாய், அவளுக்குப் படிப்பு ஏறலம்மா என்று. இப்போது அம்மாவோடு சலவைக்கூடத்தில் ஓட்டல் தலையணை உறைகளை இழுத்து இழுத்து மடிக்கிறேன். வேலையைக் குறை சொல்லவில்லை. நீ குறுக்கே நிற்காமல் நானே இதைத் தேர்ந்தெடுத்திருந்தால் சந்தோஷமாகவே மடித்திருப்பேன்.

உனக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கில்லை, இருந்தாலும் கேட்டுக்கொள். நாற்காலியை வட்டத்துக்குள் திருப்பிப் போடு. இன்னொருவர் சொன்னதை எடுத்துப் பேசினால் இது இன்னார் சொன்னது என்று சொல், நாக்கு தேய்ந்துவிடாது. எங்களைப் போன்றவர்களுக்கு மனதில் இருப்பது வாய்க்கு வந்து சேர நேரம் பிடிக்கும், அதைக் காலியிடம் என்று நினைத்து உன் குரலைக் கொட்டி நிரப்பாதே. மார்க் கொடுக்க இந்த மாதக் கடைசிவரை நாள் இருக்கிறது என்று நீயேதான் சொன்னாய். அதற்குள் வாத்தியாரிடம், குழு முழுவதும் இருக்கும்போது, அந்த யோசனை அவளுடையது என்று நீ சொல்ல வேண்டும். மரப்பாச்சி என்றாயே, அவளுடைய பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும்.

இங்கே நிறுத்தி ஒட்டப்போகும் நேரத்தில் அம்மா வந்துவிட்டாள். இவ்ளோ நேரம் என்னடி எழுதின, படி பார்க்கலாம் என்றாள். சத்தமாகப் படித்தேன் அண்ணா, ஒரு வரி விடாமல். நடுவில், அவன் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்டி என்று குறுக்கிட்டாள். முடிச்சுடறேன், இரும்மா என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அம்மா இருந்தாள். முடித்த பிறகு, இத ஏன் அப்பவே எங்கிட்ட சொல்லல என்று கேட்டாள். சொல்ல வந்தேம்மா, எனக்கு முன்னாடி அண்ணன் சொல்லிட்டான் என்றேன். அவள் பேனாவை இடது கையால் பிடுங்கிக்கொண்டு, நான் சொன்ன எடம் எது, காட்டு என்றாள். மேலே எவனுக்கும் விட்டுக்கொடுக்காதே என்ற வரிமேல் கோணல்மாணலாகக் கோடு போட்டிருக்கிறதே, அது நான் போட்டதில்லை.

அம்மா ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்: நோய்நொடி இல்லாமல் நல்லா இரு. அந்தப் பொண்ணு பேசி முடிக்கிறவரைக்கும் வாயத் தொறக்காதே. மார்க்கு என்னாச்சுன்னு ஞாயித்துக்கிழமை ஃபோன்ல சொல்லு, ஃபோன எடுக்கப்போறது உன் தங்கச்சிதான், அம்மாட்ட குடுன்னு அவகிட்ட கேக்காதே.

இப்படிக்கு,
அம்மா,
எழுதியது உன் தங்கை.