உன் முறை வசனம்

அன்பு மகள் சலோமிக்கு,

அன்றைக்குக் காலை ஜெபத்தில் இருந்தவர்கள் உன் அப்பா, அண்ணன் ஜெபராஜ், அண்ணி கிறிஸ்டி, நீ, நான். பதினோரு வருடமாகியும் எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. ஆளுக்கொரு வசனமாக வாசித்து வந்தோம். உன் முறை வந்ததும், "அப்பா, நான் பஞ்சநதத்தைத்தான் கட்டிக்கப் போறேன்" என்றாய். அப்பா வேதத்தை மூடினார். "இந்த வீட்ல இனி உனக்கு முறை கிடையாது. எழுந்து போ" என்றார்.

அவர் இறந்து ஒரு வருடமாகிறது. அண்ணன் குடும்பம் திருச்சிக்குப் போய்விட்டது. மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்து, தினம் ஒரு அதிகாரம் எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். எல்லாருடைய முறையும் எனக்குத்தான். உன் வசனம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்துவேன். வீட்டில் நான் ஒருத்திதான்.

ஆனால் பயமில்லை. இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வருமுன்பே காய்ந்த வயலில் விதை தெளித்தேன். "யாரைக் கேட்டுத் தெளிச்சீங்க பெரியம்மா?" என்று பக்கத்து வயல்காரி நக்கலடித்தாள். "காலையில கர்த்தர்கிட்ட கேட்டுட்டுத்தான்டி வந்தேன்" என்றேன். பயிர் நன்றாக இருக்கிறது.

நேற்று மன்னிப்பைப் பற்றிய அதிகாரம் வந்தது. அண்ணி சிரித்ததை மன்னித்தேன். அண்ணன் உன் பெட்டியை வாசலில் வைத்ததையும் மன்னித்தேன். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த என்னை நீதான் மன்னிக்க வேண்டும். அறுப்பின் பண்டிகைக்கு மாப்பிள்ளையையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா.

கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயரை இன்று எழுதுகிறேன். கர்த்தரிடமும் சொல்லிவிட்டேன். ஞானாதிக்கத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

உன் அம்மா